பழைய ஃபாக்ஸ்புரோ, ஆக்சஸ் மென்பொருளைப் பராமரிக்க ஆள் தேடுவது எப்படி?

ஈரோட்டு மஞ்சள் மண்டி, சிவகாசி அச்சகம், நாமக்கல் லாரி புக்கிங் அலுவலகம், கரூர் நிதி நிறுவனம் என்று எங்கே போனாலும், 20, 25 ஆண்டுகளுக்கு முன்பு உள்ளூர் நிரலர் ஒருவர் அந்த அலுவலகத்துக்கென்றே ஃபாக்ஸ்புரோ, ஆக்சஸ் போன்ற தரவுத்தளக் கருவிகளில் எழுதிக்கொடுத்த மென்பொருள் இன்றும் பில் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். எழுதியவர் வெளிநாடு போயிருப்பார், தொழிலை விட்டிருப்பார், அல்லது காலமாகியிருப்பார். மென்பொருள் ஓடும்வரை யாரும் அவரைத் தேடுவதில்லை. கணினியை மாற்றும் நாளிலோ வரி விகிதம் மாறும் நாளிலோதான் தேடல் தொடங்குகிறது. அப்படியோர் அலுவலகத்தின் பொறுப்பு புதிதாக உங்கள் கைக்கு வந்திருந்தால், கணினித் துறை அறிவு இல்லாமலேயே நீங்கள் செய்யக்கூடியவற்றை, செய்ய வேண்டிய வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன்.

வரிசை முக்கியம். பெரும்பாலானோர் முதலில் ஆளைத் தேடுகிறார்கள். வந்தவர் இரண்டு நிமிடம் திரையைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் இப்போது யார் சார் வைத்திருக்கிறார்கள், புதிதாகவே எழுதித் தருகிறேன்" என்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சொல்லப்படும் அந்த யோசனையை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ உங்களிடம் விவரம் எதுவும் இருப்பதில்லை. கையிலிருப்பது எது, கெட்டிருப்பது எது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேசினால், பேச்சின் போக்கும் கேட்கப்படும் தொகையும் வேறாக இருக்கும்.

முதல் வேலை: எல்லாவற்றுக்கும் நகல்

மென்பொருளைத் திறக்க நீங்கள் அழுத்தும் படத்தை வலது சொடுக்கில் தொட்டு "பிராப்பர்ட்டீஸ்" பகுதிக்குப் போனால், "டார்கெட்", "ஸ்டார்ட் இன்" என்று இரண்டு வரிகள் இருக்கும். மென்பொருள் எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது என்பதை அவை சொல்லிவிடும். தரவும் அங்கேயேதான் இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. சோதனைக்காக ஒரு பதிவைச் சேர்த்துச் சேமித்துவிட்டு, கோப்புறையைத் தேதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். அந்த நிமிடத்தின் நேரத்தைக் காட்டும் கோப்புகள்தாம் உயிருள்ள தரவு. அங்கே எந்தக் கோப்பின் நேரமும் மாறவில்லையென்றால், தரவு சர்வர் கணினியிலோ வேறு டிரைவிலோ இருக்கிறது என்று பொருள். இதில் ஒரு பொறியும் உண்டு. மென்பொருளை "புரோகிராம் ஃபைல்ஸ்" கோப்புறைக்குள் நிறுவியிருந்தால், விண்டோஸ் விஸ்டா முதல் வந்த பதிப்புகள், அங்கே எழுத அனுமதி இல்லாத பழைய நிரல்களின் தரவைச் சத்தமில்லாமல் அந்தந்தப் பயனரின் தனிக் கோப்புறையில் "வர்ச்சுவல் ஸ்டோர்" என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். ஒரே கணினியில் இரண்டு பேர் தத்தம் பெயரில் நுழைந்து இரண்டு வேறு கணக்குகளைப் பார்க்கும் விசித்திரத்துக்குப் பல நேரம் இதுவே காரணம்.

இடம் தெரிந்ததும், எல்லாக் கணினிகளிலும் மென்பொருளை மூடச் சொல்லிவிட்டு, தரவுக் கோப்புகளை மட்டுமல்லாமல் கோப்புறை முழுவதையும் நகலெடுங்கள். எது தேவை, எது தேவையில்லை என்று இப்போது தரம் பிரிக்க வேண்டாம். "பழசு", "புதுசு2", "டெஸ்ட்" என்றெல்லாம் பெயரிட்ட துணைக் கோப்புறைகளில்தான் மூலநிரல், அதாவது நிரலர் எழுதிய, திருத்தக்கூடிய வடிவம், ஒளிந்திருக்கும். இரண்டு நகல்கள் வேண்டும். அவற்றில் ஒன்று எந்தக் கணினியோடும் இணைக்கப்படாமல் அலமாரியில் இருக்க வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) தாக்கினால், இணைத்தே வைத்திருக்கும் டிரைவும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிடும்.

அதன் பிறகு அந்தக் கணினியின் வன்தட்டு முழுவதையும் ஒரு பிம்பமாக, அதாவது அப்படியே ஒரே கோப்பாக, எடுத்துவைப்பது நல்லது. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் டிஸ்க்2விஎச்டி என்ற சிறு கருவி, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் கணினியையே மெய்நிகர் வட்டாக மாற்றித் தரும். மிகப் பழைய கணினியென்றால் வன்தட்டை நகலெடுக்கும் குளோன்சில்லா என்ற கருவி உதவும். உங்கள் ஊரில் கணினி பழுதுபார்ப்பவர் எவரும் இதைச் செய்துவிடுவார். கோப்புறை நகல் இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். பழைய மென்பொருள் தன் கோப்புறைக்கு வெளியே விண்டோஸுக்குள் பதித்துவைத்த துணைக்கோப்புகள், எழுத்துருக்கள், பிரிண்டர் அமைப்புகள் ஆகியவை கோப்புறையை நகலெடுத்தால் கூட வருவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பதற்கு ஆகும் கூலி மிக அதிகம்.

ஓடும் தரவுக் கோப்புறையை ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ நேரடியாக இணைத்துவைப்பதைப் பேக்கப் என்று சிலர் கருதுகிறார்கள். பாதி எழுதப்பட்ட நிலையில் கோப்பு மேலே ஏறுவதும், இரு கணினிகளின் பிரதிகள் ஒன்றையொன்று மிதிப்பதும் இதனால்தான் நடக்கின்றன. மென்பொருளை மூடிய பிறகு எடுத்த நகலை ஒரே கோப்பாகச் சுருக்கி மேலே ஏற்றுவதில் தவறில்லை.

இரண்டாவது: கையில் இருப்பது எது?

கோப்புகளின் பெயர் ஈறுகளை (பெயரில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை) பார்த்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். டிபிஎஃப் என்று முடியும் கோப்புகள் நிறைய இருந்தால் அது டிபேஸ் என்ற பழைய தரவுத்தள மென்பொருளின் குடும்பம். அவற்றுக்குத் துணையாக என்டிஎக்ஸ் என்று முடியும் அட்டவணைக் (இண்டெக்ஸ்) கோப்புகள் இருந்தால், அக்குடும்பத்தின் கிளிப்பர். சிடிஎக்ஸ், எஃப்பிடி இருந்தால் பெரும்பாலும் ஃபாக்ஸ்புரோ. டிபிசி என்ற ஈறும் இருந்தால் விஷுவல் ஃபாக்ஸ்புரோ. விஎஃப்பி என்று தொடங்கும் டிஎல்எல் கோப்பில் அடுத்து வரும் எண், 6 என்றோ 9 என்றோ, பதிப்பைக் காட்டிவிடும். எம்டிபி அல்லது ஏசிசிடிபி என்று முடிந்தால் தரவு ஆக்சஸ் வடிவில் இருக்கிறது. ஆனால் திரைகளும் ஆக்சஸிலேயே செய்யப்பட்டவையா, விஷுவல் பேசிக் 6 என்ற நிரல் மொழியில் செய்யப்பட்டவையா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆக்சஸ் நிறுவப்படாத கணினியிலும் அது இஎக்ஸ்இ கோப்பாக ஓடினால் விஷுவல் பேசிக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

இந்தக் கருவிகளின் வயதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1992-இல் வாங்கியது. விஷுவல் ஃபாக்ஸ்புரோவின் கடைசிப் பதிப்பான 9 வெளிவந்தது 2004 இறுதியில்; அடுத்த பதிப்பு கிடையாது என்று 2007-இல் அறிவித்தார்கள்; எல்லா ஆதரவும் 2015 ஜனவரியில் முடிந்தது. விஷுவல் பேசிக் 6 என்ற எழுதுகருவிக்கான ஆதரவு 2008 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அதில் எழுதப்பட்ட நிரல்கள் ஓடுவதற்கான அடிப்படைக் கோப்புகளை விண்டோஸ் இன்றும் சுமந்துகொண்டுதான் வருகிறது. ஆக்சஸ் இன்னும் விற்பனையில் இருக்கிறது. ஆக, "ஆதரவு முடிந்துவிட்டது" என்பதும் "ஓடாது" என்பதும் வேறு வேறு. விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9-இல் எழுதிய நிரல் விண்டோஸ் 11-இலும் ஓடும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்புரோவும் கிளிப்பரும் 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடா, 32 பிட் பதிப்பில்தான் ஓடும். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்ததால் அவசரமாகப் புதுக் கணினி வாங்கிய பல அலுவலகங்கள் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டன.

மூன்றாவது: நோயைச் சரியாகச் சொல்லுங்கள்

"சாஃப்ட்வேர் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் எவராலும் கூலி சொல்ல முடியாது. சொன்னால் அது பயத்துக்கும் சேர்த்துச் சொல்லும் கூலி. திரையில் வரும் பிழைச் செய்தியை வரி பிசகாமல் படம் எடுங்கள். எந்தத் திரையில், எந்தப் பொத்தானுக்குப் பிறகு, எந்தக் கணினியில் மட்டும் வருகிறது என்று குறித்துவையுங்கள். பெரும்பாலான புகார்கள் கீழே சொல்லும் வகைகளுக்குள் வந்துவிடும்.

இண்டெக்ஸ் அட்டவணை கெடுவது மிகவும் அடிக்கடி நடப்பது. தரவு எழுதப்படும் நொடியில் மின்சாரம் போனாலோ நெட்வொர்க் துண்டிக்கப்பட்டாலோ, டிபிஎஃப் கோப்புக்கும் அதன் அட்டவணைக் கோப்புக்கும் பொருத்தம் போய்விடும்; போட்ட பில் தேடினால் கிடைக்காது, பேரேட்டின் கூட்டுத்தொகை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வரும். அட்டவணையை மறுபடி உருவாக்கினால் இது சரியாகிவிடும். பழைய மென்பொருள் பலவற்றில் அதற்கென்றே "ரீஇண்டெக்ஸ்" என்று ஒரு மெனு இருக்கும். அதன் பக்கத்திலேயே "பேக்" (PACK) என்றும் ஒன்று இருக்கக்கூடும்; இது பேக்கப் அல்ல. அதைத் தொடும் முன் நகல் எடுத்தாக வேண்டும். டிபேஸ் குடும்பத்தில் ஒரு பதிவை நீக்கும்போது அது உடனே அழிவதில்லை, நீக்கப்பட்டதாக ஓர் அடையாளம் மட்டுமே இடப்படுகிறது. "பேக்" ஓடிய பிறகுதான் அது நிரந்தரமாகப் போகிறது. தவறுதலாகவோ வேண்டுமென்றோ யாராவது நீக்கிய பில்களைத் திரும்பப் பெறும் வாய்ப்பு அந்த ஒரு பொத்தானோடு முடிந்துவிடும். கணக்கில் சந்தேகம் இருக்கும் அலுவலகத்தில் இதைத் தணிக்கையாளரிடம் கேட்காமல் செய்யவே கூடாது.

ஆக்சஸ் கோப்பும் டிபிஎஃப் கோப்பும் நெட்வொர்க்கில் பகிரப்படும்போது, ஒவ்வொரு கணினியும் கோப்பையே நேரடியாகத் திறந்து எழுதுகிறது. நடுவில் நின்று முறைப்படுத்தும் தரவுத்தளச் சர்வர் எதுவும் இல்லை. ஆகவே வைஃபை இணைப்பில் இவற்றை ஓட்டுவது ஆபத்து. கேபிள் போட்டு, சர்வருக்கும் சுவிட்சுக்கும் யூபிஎஸ் வைத்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும் அலுவலகங்கள் உண்டு, நிரலரே தேவைப்படாது. அளவு வரம்பையும் பாருங்கள். ஆக்சஸ் கோப்பு ஒன்றும், ஃபாக்ஸ்புரோவின் தனி டிபிஎஃப் ஒன்றும் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. ஆக்சஸ் 97-இல் உருவான எம்டிபி கோப்பை ஆக்சஸ் 2013-உம் அதற்குப் பின் வந்தவையும் திறக்கா; இடையில் உள்ள 2010 போன்ற பதிப்பில் ஒருமுறை திறந்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

டாஸ் நிரலென்றால் கதை வேறு. பழைய விண்டோஸை மெய்நிகர் கணினியாக, அதாவது கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினியாக, விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டலாம், அல்லது டாஸைப் போலவே நடந்துகொள்ளும் விடாஸ் போன்ற போலச்செய் கருவியைப் பயன்படுத்தலாம். டாஸ்பாக்ஸ் என்ற பெயரைப் பலர் சொல்வார்கள். அது விளையாட்டுகளுக்காகச் செய்யப்பட்டது, பலர் ஒரே நேரத்தில் எழுதும் கணக்குத் தரவை அதில் ஒப்படைப்பது எனக்கு உவப்பில்லை. ஃபாக்ஸ்புரோ 2 வரிசையின் பதிப்புகள் வேகமான செயலிகளில், பூஜ்யத்தால் வகுத்ததாகப் பிழை காட்டித் தொடங்கும்போதே நின்றுவிடுவது உண்டு. கணினியின் வேகத்தை அளக்க அவை ஓட்டும் சிறு சுழற்சி அளக்க முடியாத விரைவில் முடிந்துவிடுவதுதான் காரணம். இதற்கு ஒட்டு (பேட்ச்) எப்போதோ வந்துவிட்டது. விஷயம் தெரிந்தவர் இதைக் கேட்டவுடன் சொல்லிவிடுவார் என்பதால், ஆளை எடைபோடவும் இந்தக் கேள்வி உதவும். இனி பிரிண்டர். எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் இணைப்பியை நேரடியாகத் தேடும் நிரல், யூஎஸ்பி பிரிண்டரைக் கண்டுகொள்ளாது. பிரிண்டரைப் பகிர்ந்து, "நெட் யூஸ்" கட்டளையால் எல்பிடி1-ஐ அதற்குத் திருப்பிவிட்டால் அச்சிட்ட படிவங்களில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மறுபடியும் ஓடத் தொடங்கும். நிரலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. எல்பிடி இணைப்பியில் செருகும் பூட்டுச் சாவி (டாங்கிள்) உள்ள மென்பொருள் என்றால் மட்டும், பழைய கணினியைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதை எப்படி மாற்றுவது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வகை, சட்டம் மாறுவதால் வருவது. 1 ஜூலை 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது பல மென்பொருள்கள் இப்படித் தடுமாறின. 22 செப்டம்பர் 2025 முதல் 12, 28 சதவீத அடுக்குகளில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18 சதவீதத்துக்கு மாறியபோது மறுபடியும் நடந்தது. வரி விகிதத்தைத் தனிப் பட்டியல் கோப்பில் வைத்து எழுதியவர் நல்ல நிரலர். அதை நிரலுக்குள்ளேயே எண்ணாகப் பொறித்துவைத்தவரின் மென்பொருளுக்கு ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டும். இம்முறை ஆள் கிடைத்ததும் முதலில் அந்த எண்ணை வெளியே எடுத்துத் தனிப் பட்டியல் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது: மூலநிரல் யாரிடம்?

ஓடும் கோப்பு வேறு, அதை உருவாக்கிய மூலநிரல் வேறு. பிஆர்ஜி, எஸ்சிஎக்ஸ், எஃப்ஆர்எக்ஸ் என்று முடியும் கோப்புகள் ஃபாக்ஸ்புரோவின் மூலநிரல். எஃப்ஆர்எம், விபிபி ஆகியவை விஷுவல் பேசிக்கினுடையவை. ஆக்சஸில் எம்டிபி கோப்புக்குள்ளேயே நிரலும் இருக்கும். எம்டிஇ, ஏசிசிடிஇ என்றிருந்தால் எழுதியவர் அதை நீக்கிவிட்டுத் தந்திருக்கிறார் என்று பொருள். அப்போதும் உள்ளே இருக்கும் தரவு உங்களுடையதுதான், அதை வெளியே எடுக்கலாம். டிபிஎஃப் கோப்பை லிப்ரே ஆஃபிஸ் கால்க் செயலியிலேயே திறந்து பார்க்க முடியும். நகலை மட்டும் திறங்கள். திறந்தால் "யூசர்" என்ற பெயருள்ள கோப்பில் அலுவலகத்தின் எல்லாக் கடவுச்சொற்களும் அப்பட்டமாகக் கிடப்பதைப் பார்க்க நேரிடலாம். அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம்.

மூலநிரல் இல்லையென்றால் எல்லாம் முடிந்துபோனதாக நினைக்க வேண்டாம். ஃபாக்ஸ்புரோ நிரல்கள் முழுமையான எந்திர மொழியாக மாற்றப்படுவதில்லை. ஆகவே, பூட்டிவைக்கப்படாத நிரலென்றால் ரீஃபாக்ஸ் போன்ற கருவிகளால் மூலநிரலைப் பெருமளவு மீட்க முடியும். விஷுவல் பேசிக் 6-இல் எந்திர மொழியாக மாற்றிய நிரலை அப்படி மீட்பது நடைமுறையில் ஆகாத காரியம்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி கணினி நிரலும் இலக்கியப் படைப்பு வகையில் அடங்கும். உங்களிடம் சம்பளத்துக்கு இருந்தவர் வேலையின் பகுதியாக எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை உங்களுடையது. வெளியாள் கூலிக்கு எழுதியிருந்தால், எழுத்து மூலம் மாற்றித் தராதவரை பொதுவாக உரிமை அவருடையது. முழுப் பணமும் கொடுத்துவிட்டோம் என்பதால் மட்டும் அது மாறுவதில்லை. எனவே முதலில் அவரையோ அவர் குடும்பத்தையோ கண்டுபிடித்து, மூலநிரலைத் தரவும் பிறரைக் கொண்டு திருத்திக்கொள்ளவும் சம்மதிப்பதாக ஒரு கடிதம் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். இருபது வருடத்துக்கு முன் எழுதிய நிரலைப் பிடித்துவைத்திருப்பதில் யாருக்கும் ஆதாயம் இல்லை.

ஐந்தாவது: எங்கே தேடுவது?

எழுதியவர் கிடைக்காவிட்டால், அவருடைய மற்ற வாடிக்கையாளர்களைத் தேடுங்கள். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். சிறு ஊர்களில் ஒரு நிரலர் ஓர் அரிசி ஆலைக்கு எழுதியதைக் கொஞ்சம் மாற்றி அடுத்த பத்து ஆலைகளுக்கும் விற்றிருப்பார். ஒரு தெருவின் அடகுக் கடைகள் எல்லாம் ஒரே திரையில் வட்டி கணக்குப் பார்க்கும். உங்கள் தொழிலின் சங்கத்தில் விசாரித்தால், அதே மென்பொருளை வைத்திருப்பவரும், அதை இப்போது பார்த்துக்கொள்பவரும் தெரியவருவார்கள். பலர் சேர்ந்து ஒருவருக்கு ஆண்டுப் பராமரிப்புத் தொகை கொடுத்தால் அவருக்கும் கட்டுப்படியாகும், அவர் போனை எடுக்காமல் இருக்கவும் மாட்டார்.

அடுத்தது உங்கள் ஆடிட்டர் அலுவலகம். மாதந்தோறும் பல கடைகளின் கணக்கு அங்கே வருவதால், எந்தக் கடையின் மென்பொருளை யார் சரிசெய்கிறார் என்பது அங்குள்ள உதவியாளர்களுக்குத் தெரிந்திருக்கும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் பழுதுபார்ப்பவரும் அதுபோலத்தான்; பழைய மென்பொருள் இருக்கும் அலுவலகத்தில்தான் அந்த பிரிண்டரும் இருக்கும்.

1990களில் கணினிப் பயிற்சி மையங்களில் டிபேஸும் ஃபாக்ஸ்புரோவும் கற்றவர்கள் இன்று ஐம்பதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். அவர்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கல்லூரியில் கற்பிப்பவர்கள், கணக்காளர்களாக ஆனவர்கள், மாலை நேரத்தில் பழைய வாடிக்கையாளர்களை மட்டும் கவனிப்பவர்கள் என்று இருக்கிறார்கள். ஃபாக்ஸ்புரோ தெரிந்தவர் அகப்படவே இல்லையென்றால், தரவுத்தளம் நன்றாகத் தெரிந்த, அடுத்தவர் எழுதிய நிரலைப் பொறுமையாகப் படிக்கக்கூடிய எவரையும் கேட்கலாம். ஃபாக்ஸ்புரோ படிப்பதற்குக் கடினமான மொழி அல்ல. விஎஃப்பிஎக்ஸ் என்ற திறமூலத் திட்டத்தின் வழியாக அதன் துணைக் கருவிகள் இன்றும் மேம்படுத்தப்படுகின்றன. கிளிப்பர் மூலநிரல் கையில் இருந்தால், ஹார்பர் என்ற இலவசத் தொகுப்பி (கம்பைலர்) அதை இன்றைய விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஏற்றபடி மாற்றித் தரும். மாற்ற வேண்டிய வரிகள் பல நேரம் குறைவாகவே இருக்கும். கல்லூரி மாணவரிடம் கடைசி ஆண்டுத் திட்டப்பணியாகக் கொடுப்பதை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. ஏப்ரலில் அவர் போய்விடுவார். உங்கள் கணக்காண்டு தொடங்குவதும் ஏப்ரலில்தான்.

யாரிடம் கேட்டாலும் வாய்மொழியாகச் சொல்லாமல் அரைப் பக்கம் எழுதிக் கொடுங்கள். இப்படி இருக்கலாம்: "நெல் அரவை ஆலை அலுவலகம். 3 கணினிகள், கேபிள் இணைப்பு. தரவு ஒரே கணினியில், விண்டோஸ் 10. மென்பொருள் விஷுவல் ஃபாக்ஸ்புரோ 6, மூலநிரல் இருக்கிறது, கடைசியாகத் திருத்தியது 2018. தரவு மொத்தம் 400 எம்பி. தேவை: விற்பனை பில்லில் வரி விகிதத்தை நாங்களே மாற்றும்படி செய்தல், புதிய விண்டோஸ் 11 கணினியில் நிறுவித் தருதல். திரையில் வரும் பிழையின் படம் இணைப்பில்." இப்படி எழுதினால் தெரிந்தவர் உடனே கேள்வி கேட்பார்; தெரியாதவர் ஒதுங்கிவிடுவார். இரண்டுமே உங்களுக்கு நன்மைதான்.

ஆறாவது: சிறிய வேலையைக் கொடுத்துப் பாருங்கள்

வந்தவரிடம் முதல் நாளே மொத்தப் பராமரிப்பையும் ஒப்படைக்க வேண்டாம். ஓர் அறிக்கையில் ஒரு கட்டம் சேர்ப்பது போன்ற சிறு வேலையைக் கூலி பேசி, நகல் கோப்புறையில் செய்துகாட்டச் சொல்லுங்கள். வேலையைவிட அவர் அதைச் செய்யும் விதத்தைக் கவனியுங்கள். தொடுவதற்கு முன் நகல் இருக்கிறதா என்று கேட்டாரா? பில் போடுபவரிடம் உட்கார்ந்து, அவர் எப்படிப் போடுகிறார் என்று பார்த்தாரா? எந்தக் கோப்பை மாற்றினேன் என்று எழுதிக் கொடுத்தாரா? தெரியாததைத் தெரியாது என்று சொன்னாரா? நேராக ஓடும் தரவில் கைவைத்து ஐந்து நிமிடத்தில் முடித்துக் காட்டுபவர் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் உங்கள் ஒரே தரவை வைத்து அவர் கெட்டிக்காரத்தனம் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

தொலைவிலிருந்து எனிடெஸ்க் போன்ற செயலி மூலம் செய்வாரென்றால், உங்கள் ஆள் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் அனுமதி கொடுங்கள். எந்நேரமும் நுழையும் கடவுச்சொல்லைக் கொடுத்துவைக்காதீர்கள். சோதனைக்கு அவர் வீட்டுக்குத் தரவை எடுத்துப்போக வேண்டுமென்றால், வாடிக்கையாளர்களின் பெயர், கைபேசி, ஆதார் எண்களை மாற்றியமைத்த பிரதியைக் கொடுப்பது நல்லது. அடகுக் கடைக்கும் நிதி நிறுவனத்துக்கும் இதில் சலுகையே காட்டக் கூடாது.

ஒத்துவந்தால் ஒரு பக்க ஒப்பந்தம் போதும். என்னென்ன வேலைகள் ஆண்டுத் தொகைக்குள் அடங்கும், எவற்றுக்குத் தனிக் கூலி, அழைத்தால் எத்தனை மணி நேரத்துக்குள் பதில், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் மூலநிரலைத் தேதியிட்ட கோப்பாக ஒப்படைப்பது ஆகியவற்றை எழுதுங்கள். புதிதாக எழுதும் பகுதிகளின் உரிமை உங்களுக்கே என்றால், எத்தனை காலத்துக்கு என்பதையும் குறிப்பிடுங்கள்; காலம் சொல்லாத உரிமை மாற்றத்தைச் சட்டம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளும். பணத்தை வேலைக் கட்டங்களாகப் பிரித்துக் கொடுங்கள். கடைசிப் பகுதி, மூலநிரல் கைக்கு வந்து, அதை வேறொரு கணினியில் தொகுத்து ஓட்டிப் பார்த்த பிறகு.

தமிழ்ப் பெயர்கள் உள்ள தரவு

இது தனியாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் வெளியூர் நிரலர்கள் இதில்தான் இடறுகிறார்கள். 2010-இல் தமிழ்நாடு அரசு எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடை ஏற்பதற்கு முன்பு, தமிழ்த் தரவு டேம், டேப், டிஸ்கி, ஸ்ரீலிபி, வானவில் என்று எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபடும் குறியாக்கங்களில் பதியப்பட்டது. இன்னும் பழைய டாஸ் அமைப்புகளில் தமிழைத் திரையில் காட்ட சிடாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டை இருந்தது. அந்தக் கோப்பை எக்செலில் திறந்தால் "முருகேசன்" என்ற பெயர் புரியாத குறிகளாகத்தான் தெரியும். தரவு கெட்டுவிட்டதாக நினைத்து யாராவது "சுத்தம்" செய்துவிடுவார்கள். முதலில் மென்பொருள் எந்த எழுத்துருவைப் பயன்படுத்துகிறது என்று பார்த்து, அந்த எழுத்துருக் கோப்பையும் நகலோடு சேர்த்து வையுங்கள். யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. ஆனால் ஃபாக்ஸ்புரோவும் விஷுவல் பேசிக் 6-இன் திரைகளும் யூனிகோடை நேரடியாகக் காட்டா என்பதால், பழைய மென்பொருளையே தொடரும்வரை தரவை மாற்ற வேண்டாம். புதியதற்குப் போகும் நாளில் மாற்றுங்கள். அப்போதும் கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் வரும் பெயர்களை அச்சிட்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பழைய குறியாக்கங்களில் கொம்பு முன்னால் தனியாக நிற்பதால் பிழைகள் அங்கேதான் கூடுகின்றன.

எப்போது விட்டுவிடலாம்?

பழையதைக் காப்பாற்றுவதே எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. உங்களுடையது கம்பெனியாகப் பதிவான நிறுவனம் என்றால், 1 ஏப்ரல் 2023 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் சுவடும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நிறுத்திவைக்கவும் முடியக் கூடாது என்பது விதி. டிபிஎஃப் கோப்பை நேரடியாகத் திறந்து மாற்றக்கூடிய மென்பொருளில் இதை நிறைவேற்றுவது மிகக் கடினம். தனிநபர் உரிமை நிறுவனங்களுக்கும் கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் இந்த விதி பொருந்தாது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டினால், 1 ஆகஸ்ட் 2023 முதல் வணிகர்களுக்கிடையேயான விற்பனைக்கு மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) கட்டாயம். பில் விவரத்தைக் கோப்பாக வெளியே எடுத்து, அரசுத் தளம் தரும் மொத்தப் பதிவேற்றக் கருவியில் போடுவதன் மூலம் பழைய மென்பொருளைக் கொண்டே இதைச் சமாளிக்கலாம், ஆனால் நாளுக்கு நூறு பில் என்றால் அலுத்துவிடும்.

நடுவழி ஒன்று உண்டு. பேரேடு, வரிக் கணக்கு ஆகிய பொதுவான பகுதிகளை டேலி போன்ற, கடையில் வாங்கும் ஆயத்த மென்பொருளுக்கு மாற்றிவிட்டு, உங்கள் தொழிலுக்கே உரிய பகுதியை மட்டும், அதாவது ஆலையில் ஈரப்பதக் கழிவு, லாரி அலுவலகத்தில் டிரிப் கணக்கு போன்றவற்றை, பழைய மென்பொருளில் வைத்துக்கொள்ளலாம். நாள் முடிவில் மொத்தத் தொகைகளை எக்ஸ்எம்எல் கோப்பாக டேலிக்கு அனுப்பும் சிறு நிரலை ஃபாக்ஸ்புரோ தெரிந்தவர் எளிதில் எழுதிவிடுவார். ஆக்சஸ் பயன்படுத்துவோருக்கு இன்னொரு வழி: திரைகளை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் தரவை மட்டும் மைக்ரோசாஃப்டின் தரவுத்தளச் சர்வரான எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்புக்கு நகர்த்தலாம், அதற்கான இடம்பெயர்ப்புக் கருவியை மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தருகிறது. ஃபாக்ஸ்புரோவில் இது அவ்வளவு எளிதல்ல. டிபிஎஃப் கோப்பை நேரடியாகத் திறந்து தேடும் பாணியில் எழுதிய நிரலின் ஒவ்வொரு திரையையும் திருத்த வேண்டியிருக்கும்.

புதியதற்கே போவதென்றால் இரண்டையும் ஒரு மாதமாவது இணையாக ஓட்டி, மாத முடிவில் இருப்பும் நிலுவையும் பைசா வரை ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். நிதியாண்டின் நடுவில் மாறாமல் ஏப்ரல் 1-இல் மாறினால் தொடக்க இருப்பை மட்டும் கொண்டுபோனால் போதும். பழைய பில்களை எல்லாம் நகர்த்தச் செலவழிக்க வேண்டியதில்லை. அவற்றைப் பார்க்கும் தேவை மட்டும் இருக்கும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கேடுகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். கம்பெனிகளுக்கு 8 நிதியாண்டுகள். முதல் நாளில் எடுத்த வன்தட்டுப் பிம்பத்தை மாறும் நாளன்று மறுபடியும் ஒருமுறை எடுத்து, இணைய இணைப்பு இல்லாத மெய்நிகர் கணினியாக அலுவலகத்தின் ஒரு கணினியில் நிறுவி, பழைய பில்லைத் தேடி அச்சிடத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.